மே மாதம் ஒரு கட்சி, டிசம்பரில் இன்னொரு கட்சி: பிரிட்டன் வாக்காளருக்குக் கொள்கையே கிடையாதா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். நீங்கள் லெஸ்டருக்குப் படிக்க வந்து, இப்போது அங்கேயே வேலை பார்க்கிறீர்கள். 2024 ஜூலை பொதுத் தேர்தலில்தான் இந்த நாட்டில் முதன்முதலாக வாக்களித்தீர்கள். "சின்னக் கட்சிக்குப் போடாதே, அது வேண்டாதவனுக்குப் போட்ட மாதிரி" என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொன்னது உங்களுக்கு உறுத்தியிருக்கிறது. அதைவிட அதிகமாக உறுத்தியது உங்கள் வீட்டில் உடன் தங்கியிருக்கும், பக்கத்து ஊரான லஃப்பரோவைச் சேர்ந்த நண்பர் சொன்னது. அவர் 2019 மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பிரெக்ஸிட் கட்சிக்கு (பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற கட்சி) போட்டார், அதே ஆண்டு டிசம்பரில் பொதுத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போட்டார். "ஏழு மாதத்தில் இப்படிக் கட்சி மாறுகிறவர்களை வைத்து நடப்பதற்குப் பெயர் ஜனநாயகமா? நான் மனசுக்குப் பிடித்த கட்சிக்குப் போடுவதா, ஜெயிக்கக்கூடிய கட்சிக்குப் போடுவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இங்கே பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களுக்கு அரசியல் பாடம் நடத்துகிறேன். தேர்தல் வந்தால் அன்றைக்கு வாக்குச்சாவடியில் எழுத்தராகவும் உட்காருவேன். காலை ஏழு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை பட்டியலில் பெயரைத் தேடிக் கோடு போட்டு, வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுக்கிற வேலை. இந்த இரண்டு வேலையும் சேர்ந்து எனக்குப் புரியவைத்த விஷயம் ஒன்று உண்டு. ஒரே ஆள் இரண்டு தேர்தலில் இரண்டு மாதிரி வாக்களித்தால், அவர் மனசு மாறிவிட்டது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. இரண்டு சீட்டும் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

உங்கள் நண்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் பிரெக்ஸிட் கட்சி, அதற்கு முந்தைய 2017 தேர்தலில் கன்சர்வேட்டிவ் ஜெயித்திருந்த 317 தொகுதிகளிலும் வேட்பாளரை நிறுத்துவதில்லை என்று முடிவெடுத்தது. லஃப்பரோ 2017இல் கன்சர்வேட்டிவ் ஜெயித்த தொகுதி. அப்போது அவர் சொந்த ஊரில்தான் வாக்களித்தார் என்றால், அவர் மே மாதம் குத்திய கட்சி டிசம்பரில் அவர் கையில் கொடுத்த சீட்டில் இல்லவே இல்லை. அவர் கட்சி மாறினாரா, கட்சி அவரை விட்டு விலகியதா? அவரிடமே இதைக் கேட்டுப் பாருங்கள், மறந்திருப்பார்.

பொதுத் தேர்தலில் உள்ள முறை நமக்குப் பழக்கமானதுதான். இந்தியா இதை பிரிட்டனிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் ஜெயித்தார், மற்றவர்கள் வாங்கிய வாக்குக்குப் பலன் இல்லை. இதனால் வரும் விளைவுகளில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, எண்கள் பதிவாகியிருக்கின்றன. 2024இல் தொழிற்கட்சி நாடு முழுக்க வாங்கியது 34 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, கிடைத்தது 650இல் 411 இடம். ரிஃபார்ம் கட்சிக்கு (பழைய பிரெக்ஸிட் கட்சிதான், பெயர் மாறியது) 14 சதவீதத்துக்கு மேல் வாக்கு, ஐந்தே இடம். லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு அதைவிடக் குறைவாக 12 சதவீதம்தான், ஆனால் 72 இடம். இதில் மாணவர்கள் எப்போதும் வாய் பிளக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது: அதே லிபரல் டெமாக்ரட் கட்சி 2019 டிசம்பரில் 11.5 சதவீதம் வாங்கி 11 இடம்தான் பெற்றது. வாக்கு ஒரு சதவீதம்கூட ஏறவில்லை, இடம் ஆறு மடங்குக்கு மேல் ஏறியது. 2024இல் கன்சர்வேட்டிவ் வாக்கு சரிந்ததும் ஒரு காரணம். தாங்கள் இரண்டாவதாக இருந்த தொகுதிகளில் மட்டும் ஆளையும் பணத்தையும் கொட்டி, மற்ற இடங்களில் சும்மா பெயருக்கு நின்றது இன்னொரு காரணம். ரிஃபார்ம் வாக்கோ எல்லா இடத்திலும் பரவலாக விழுந்து எங்கும் குவியாமல் போனது.

இது இன்று நேற்று வந்ததில்லை. 1951இல் தொழிற்கட்சி கன்சர்வேட்டிவ் அணியைவிட அதிக வாக்கு வாங்கியும் ஆட்சியை இழந்தது. 1983இல் லிபரல் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்த கூட்டணி 25 சதவீதத்துக்கு மேல் வாங்கி 23 இடத்தோடு நின்றது. அதைவிட இரண்டு சதவீதம் கூடுதலாக வாங்கிய தொழிற்கட்சிக்கு 209 இடம்.

ஐரோப்பியத் தேர்தல் கதை வேறு. 1979இலிருந்து 1994 வரை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் அதுவும் தொகுதி முறையில்தான் நடந்தது. 1989இல் பசுமைக் கட்சி கிட்டத்தட்ட 15 சதவீதம் வாங்கியும் ஒரு இடம்கூடப் பெறவில்லை. தொழிற்கட்சிப் பிரதமர் டோனி பிளேரின் அரசு 1999இல் அதை, வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறைக்கு மாற்றியது. நாட்டைப் பெரிய மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்சியும் தன் பட்டியலைக் கொடுத்தது, வாக்காளர் கட்சிக்கு ஒரு குறி போட வேண்டியிருந்தது. பட்டியலில் யார் முதலில், யார் கடைசியில் என்பதைக் கட்சிதான் முடிவு செய்தது, வாக்காளர் மாற்ற முடியாது. இலங்கையிலிருந்து வந்த நண்பர்களுக்கு விகிதாசாரம் புதிதில்லை, ஆனால் அங்கே விருப்பு வாக்கு உண்டு. இங்கே அது இருக்கவில்லை. இந்த மூடிய பட்டியலை எதிர்த்து, நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை மசோதாவைத் திரும்பத் திரும்ப நிராகரித்தது. கடைசியில் அந்தச் சபையின் சம்மதம் இல்லாமலே நாடாளுமன்றச் சட்டத்தின் அதிகாரத்தைக் கொண்டு நிறைவேற்றினார்கள். யாராலும் தேர்ந்தெடுக்கப்படாத சபை, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களுக்கே வேண்டும் என்று வாதாடியது. அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

லெஸ்டரும் லஃப்பரோவும் இருந்த கிழக்கு மிட்லண்ட்ஸ் மண்டலத்தில் 2019இல் ஐந்து இடங்கள். கணக்கு எப்படிப் போனது என்று பாருங்கள். பிரெக்ஸிட் கட்சிக்குச் சுமார் 38 சதவீதம், லிபரல் டெமாக்ரட்டுக்கு 17, தொழிற்கட்சிக்கு 14, கன்சர்வேட்டிவுக்கும் பசுமைக் கட்சிக்கும் தலா பத்துக்குச் சற்று மேல். முதல் இடம் 38 உள்ள பிரெக்ஸிட் கட்சிக்கு. ஒரு இடம் கிடைத்ததும் அதன் வாக்கை இரண்டால் வகுக்க வேண்டும், 19. அப்போதும் அதுதான் பெரியது, இரண்டாவது இடமும் அதற்கே. இப்போது மூன்றால் வகுத்தால் 12.7. அடுத்து 17 உள்ள லிபரல் டெமாக்ரட், அப்புறம் 14 உள்ள தொழிற்கட்சி. ஐந்தாவது இடத்துக்கு 12.7தான் பெரியது, அதுவும் பிரெக்ஸிட் கட்சிக்கே போனது. ஆக 38 சதவீதத்துக்கு ஐந்தில் மூன்று இடம், பத்து சதவீதம் தாண்டிய இரண்டு கட்சிகளுக்கு ஒன்றும் இல்லை. விகிதாசாரம் என்றாலே வாக்கு வீணாகாது என்று பலர் நினைக்கிறார்கள். மண்டலத்துக்கு எத்தனை இடம் என்பதைப் பொறுத்தது அது. வடகிழக்கு இங்கிலாந்தில் மூன்றே இடம் என்பதால் அங்கே சுமார் 17 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

சரி, அந்த மே மாதம் ஏன் அப்படி ஒரு முடிவு வந்தது? 2019 மார்ச் 29இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். வெளியேறவில்லை, தள்ளிப் போட்டார்கள், பிறகு இன்னொரு முறை தள்ளிப் போட்டார்கள். நடக்கவே நடக்காது என்று சொல்லிக்கொண்டிருந்த ஐரோப்பியத் தேர்தல் நடந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் எத்தனை மாதம் பதவியில் இருப்பார்கள் என்றே தெரியாது. இப்படிப்பட்ட தேர்தலில் வாக்காளர் ஆட்சியைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை, கோபத்தைக் காட்டலாம், ஒரு செய்தி சொல்லலாம். ஆளுங்கட்சியான கன்சர்வேட்டிவ் ஒன்பது சதவீதம்கூட வாங்காமல் ஐந்தாவது இடத்துக்குப் போனது. பிரெக்ஸிட் கட்சிக்கு 30 சதவீதத்துக்கு மேல், 29 இடம். வாக்குப்பதிவுக்கு மறுநாளே பிரதமர் தெரேசா மே பதவி விலகப் போவதாக அறிவித்தார். முடிவுகள் வெளிவரவே இன்னும் இரண்டு நாள் இருந்தது, ஐரோப்பா முழுக்க வாக்குப்பதிவு முடிகிற ஞாயிறு இரவு வரை இங்கே முடிவைச் சொல்லக் கூடாது என்பது விதி.

கட்சியிலேயே ஊறியவர்கள்கூட அந்த மாதம் எல்லையைத் தாண்டினார்கள். மார்கரெட் தாட்சர் அமைச்சரவையில் இருந்து, பின்னர் துணைப் பிரதமராகவும் இருந்த மைக்கேல் ஹெசல்டைன், லிபரல் டெமாக்ரட்டுக்குப் போடப் போவதாக வெளிப்படையாகச் சொன்னதால் கன்சர்வேட்டிவ் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். பிளேரின் செய்தித் தொடர்பாளராக இருந்த அலஸ்டர் கேம்பல், முடிவு வந்த இரவு தொலைக்காட்சியில் தானும் லிபரல் டெமாக்ரட்டுக்குத்தான் போட்டேன் என்று ஒப்புக்கொண்டார், தொழிற்கட்சி அவரை வெளியேற்றியது. வாழ்நாள் முழுக்க ஒரே கட்சிக்கு உழைத்த இந்த இருவரையும் கொள்கை இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐரோப்பா பற்றிய கொள்கைக்காகத்தான் கட்சியையே விட்டுக்கொடுத்தார்கள். உங்கள் நண்பர் அதே காரணத்துக்காக எதிர்த் திசையில் போனார், அவ்வளவுதான்.

டிசம்பரில் கேள்வி வேறாகிவிட்டது: பிரதமர் யார், அடுத்த அரசு எது. கன்சர்வேட்டிவ் ஒன்பது சதவீதத்திலிருந்து 43.6 சதவீதத்துக்குப் போனது, பிரெக்ஸிட் கட்சி இரண்டு சதவீதத்துக்கு இறங்கி ஒரு இடமும் பெறவில்லை. ஆனால் மே மாதம் 37 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள், டிசம்பரில் 67 சதவீதம். இரண்டு கூட்டமும் ஒன்றில்லை என்பதை இந்த ஒப்பீட்டில் மறந்துவிடக் கூடாது. மாறியவர்கள் ஒரு பக்கம் என்றால், மே மாதம் வீட்டிலேயே இருந்துவிட்டு டிசம்பரில் வந்தவர்கள் இன்னொரு பக்கம்.

இப்போது உங்கள் சக ஊழியர்கள் சொன்னதுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இதே தொகுதி முறைதான், ஆனால் அங்கே தேர்தலுக்கு முன்பே கட்சிகள் உட்கார்ந்து கூட்டணி பேசி, தொகுதிப் பங்கீடு முடித்துவிடுகின்றன. வாக்குப் பிரியக் கூடாது என்ற கவலையைத் தலைவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பிரிட்டனில் பெரிய கட்சிகள் அப்படிப் பங்கு போடுவது அபூர்வம். 2019 டிசம்பரில் லிபரல் டெமாக்ரட், பசுமைக் கட்சி, வேல்ஸின் பிளைட் கம்ரி மூன்றும் அறுபது தொகுதிகளில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தது ஒரு விதிவிலக்கு. மற்றபடி அந்தக் கூட்டணியை வாக்காளரே சாவடிக்குள் நின்று, கையில் பென்சிலோடு, தனியாகப் போட வேண்டியிருக்கிறது. "நான் விரும்புவது பசுமை, இங்கே ஜெயிக்கக்கூடியது தொழிற்கட்சி, வரக் கூடாதது கன்சர்வேட்டிவ்" என்று கணக்குப் பார்ப்பது சந்தர்ப்பவாதம் இல்லை. இந்த முறை அவர் மேல் சுமத்திய வேலை அது. இதை உத்தி வாக்கு என்று சொல்லி இழிவாகப் பார்க்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் ஊரே சாட்சி. 2024இல் நாடெங்கும் கன்சர்வேட்டிவ் தோற்றுக்கொண்டிருந்தபோது, அவர்கள் மற்றவரிடமிருந்து புதிதாகக் கைப்பற்றிய ஒரே தொகுதி லெஸ்டர் கிழக்கு. சுமார் 31 சதவீதமே போதுமாக இருந்தது. தொழிற்கட்சி வேட்பாளரோடு, அதே தொகுதியில் முன்பு அதே கட்சியின் எம்.பி.யாக இருந்த கீத் வாஸ், கிளாடியா வெப் இருவரும் தனித்தனியாக நின்றார்கள், வாக்கு சிதறியது. பக்கத்திலேயே லெஸ்டர் தெற்கில் நேர்மாறு: கெட்டியான தொகுதி என்று எல்லோரும் நினைத்த இடத்தில் தொழிற்கட்சியின் ஜோனதன் ஆஷ்வொர்த்தை சுயேச்சை ஷாகத் ஆதம் 979 வாக்கில் தோற்கடித்தார். காஸா பற்றிய கோபம் அங்கே பெரிய காரணம். சுயேச்சைக்குப் போட்டால் வீண் என்று அங்கே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! அவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் முடிவு வேறு. ஆகவே "வீண்" என்பது கட்சியின் அளவைப் பொறுத்ததில்லை, தொகுதியைப் பொறுத்தது. லண்டன் கென்சிங்டனில் 2019 டிசம்பரில் வித்தியாசம் 150 வாக்குதான். மூன்றாவதாக வந்த லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் ஒன்பதாயிரத்துக்கு மேல் வாங்கியிருந்தார்.

வாக்களிக்காமல் இருப்பதும் ஒரு முடிவை உண்டாக்கும். இதை நான் எல்லா வகுப்பிலும் சொல்கிறேன். 2009 ஐரோப்பியத் தேர்தல், எம்.பி.க்கள் பொய்யாகவும் தாராளமாகவும் செலவுக் கணக்குக் காட்டிய ஊழல் வெடித்த அடுத்த மாதம் நடந்தது. வெறுப்பில் பலர், முக்கியமாகத் தொழிற்கட்சி ஆதரவாளர்கள், சாவடிப் பக்கமே வரவில்லை. வெளிப்படையான இனவாதக் கட்சியான பி.என்.பி. (பிரிட்டிஷ் தேசியக் கட்சி) வடமேற்கு இங்கிலாந்திலும் யார்க்‌ஷயரிலும் ஆளுக்கொரு இடம் பிடித்தது. அந்த இரண்டு மண்டலத்திலும் அவர்கள் 2004இல் வாங்கியதைவிடக் குறைவான வாக்குகள்தான் வாங்கினார்கள். அவர்கள் வளரவில்லை, மற்றவர்கள் வராததால் அவர்கள் சதவீதம் ஏறியது. 2014இல் அந்த இடங்களை இழந்தார்கள். எங்களைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு அந்த ஐந்து ஆண்டுகள் எப்படி இருந்தன என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

ஜனநாயகமா என்று கேட்டீர்கள். யார் வாக்களிக்கலாம் என்பதிலேயே பெரிய கேள்வி இருக்கிறது. இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் சட்டப்படி இங்கே வசித்தால், குடியுரிமை வாங்காமலே பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். 2016 பிரெக்ஸிட் பொது வாக்கெடுப்பிலும் வாக்களித்தோம். இருபது வருடமாக இங்கே வரி கட்டிய பிரெஞ்சுக்காரரோ போலந்துக்காரரோ அதில் வாக்களிக்க முடியாது. 2019 மே மாதம் அவர்களுக்கு உரிமை இருந்தும், சொந்த நாட்டில் வாக்களிக்க மாட்டேன் என்று ஒரு தனிப் படிவத்தை மே 7க்குள் கொடுத்திருக்க வேண்டும். தேர்தல் நிச்சயம் நடக்கும் என்று அரசு உறுதியாகச் சொன்னதே அதே மே 7ஆம் தேதி. வாக்குப்பதிவு நாளன்று என் மேசைக்கு முன்னால் ஒரு போலந்துப் பெண்மணி நின்றார். மூன்று வாரம் முன்பு நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அதே சாவடியில் வாக்களித்தவர், முகம் எனக்கு நினைவிருந்தது. பட்டியலில் பெயர் இருந்தது, பக்கத்தில் உள்ளாட்சிக்கு மட்டும் என்று காட்டும் எழுத்துக் குறியும் இருந்தது. என்னால் சீட்டுக் கொடுக்க முடியவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற மலையாளி இளைஞர், இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர், பெயரைச் சொல்லி சீட்டை வாங்கிக்கொண்டு போனார். நம் உரிமையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சட்டம் யாரை மக்கள் என்று எண்ணுகிறது என்பது பழைய சாம்ராஜ்யத்தின் வரலாற்றிலிருந்து வந்த விஷயம், நியாயத்திலிருந்து வந்ததில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணிப் பார்க்கக்கூடியது. இனி வருவதில் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை, ஆகவே என் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2019 மே தேர்தலை இரண்டாவது பொது வாக்கெடுப்பாகப் படிக்க இரண்டு தரப்பும் முயன்றன. பிரெக்ஸிட் கட்சியையும், வெளியேற வேண்டும் என்றே சொன்ன யூகிப் கட்சியையும் கூட்டினால் சுமார் 35 சதவீதம், ஒன்றியத்திலேயே இருக்க வேண்டும் என்ற கட்சிகளைக் கூட்டினால் 40க்கு அருகில். ஆனால் தொழிற்கட்சிக்கும் கன்சர்வேட்டிவுக்கும் போட்டவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது? அதற்கு விடை கிடையாது, வந்தவர்களோ 37 சதவீதம் பேர். கட்சிக்கு விழுந்த வாக்கை ஒற்றைப் பிரச்சினைக்கு விழுந்ததாக மாற்றிப் படிக்கும் எந்தக் கணக்கையும் நான் நம்புவதில்லை.

விகிதாசார ஐரோப்பியத் தேர்தல்தான் பிரெக்ஸிட்டுக்கு வழிவகுத்ததா என்று மாணவர்கள் கேட்பார்கள். 2019இல் பிரெக்ஸிட் கட்சித் தலைவராக இருந்த நைஜல் ஃபராஜ் 1999இலிருந்து ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார், ஆனால் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குப் பல முறை நின்று தோற்று, 2024இல்தான் கிளாக்டனில் ஜெயித்தார் என்பது உண்மை. 2014 ஐரோப்பியத் தேர்தலில் அப்போது அவர் தலைமையில் இருந்த யூகிப் கட்சி முதலிடம் பிடித்தது. அடுத்த வருடம் பொதுத் தேர்தலில் 38 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கி ஒரே ஒரு இடம் பெற்றது. அந்த மேடை இல்லாமல் அவர் வளர்ந்திருப்பாரா என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. அன்றைய பிரதமர் டேவிட் கேமரன் பொது வாக்கெடுப்பு வாக்குறுதியை 2013 ஜனவரியிலேயே கொடுத்துவிட்டார், அதற்குக் கட்சிக்குள் இருந்த நெருக்கடியும் காரணம். என் எண்ணம் வேறு மாதிரி போகிறது: கிட்டத்தட்ட நாற்பது இலட்சம் பேர் ஒரு கட்சிக்கு வாக்களித்தும் நாட்டின் நாடாளுமன்றத்தில் ஒரே குரல்தான் என்றால், அந்தக் கோபம் வேறு வாசல் தேடத்தான் செய்யும். எனக்கு அந்தக் கட்சியின் கொள்கை எதுவும் பிடிக்காது. இருந்தும் அவர்கள் வாக்குக்கு மதிப்பு இருந்திருக்க வேண்டும்.

மாற்று முறை வேண்டுமா என்று 2011இல் மக்களிடமே கேட்டார்கள். வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறையை 68 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொன்னார்கள். ஆனால் அது விகிதாசார முறையே இல்லை என்பதால், மக்கள் விகிதாசாரத்தை நிராகரித்ததாகச் சொல்வது சரியில்லை. வட அயர்லாந்து தன் சட்டசபைக்கும், ஸ்காட்லாந்து 2007இலிருந்து உள்ளாட்சிக்கும், ஒரே தொகுதிக்குப் பல உறுப்பினர்கள் இருக்க, வேட்பாளர்களை வரிசைப்படுத்தும் விகிதாசார முறையைப் பயன்படுத்துகின்றன. எனக்குப் பிடித்தது அதுதான். கட்சிக்கும் ஓரளவு நியாயம் கிடைக்கிறது, ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வாக்காளர் கையிலேயே இருக்கிறது.

தொகுதி முறைக்கும் ஒரு பலம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். எம்.பி. வாரக் கடைசியில் நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ உட்கார்ந்து தொகுதி மக்களைச் சந்திப்பார். இதை இங்கே 'சர்ஜரி' என்பார்கள். விசா விண்ணப்பம் மாதக் கணக்கில் கிடப்பில் கிடக்கிறது, மனைவிக்கு அனுமதி வரவில்லை என்று நம் ஆட்கள் கடைசியில் போய் நிற்பது அங்கேதான். எம்.பி. அலுவலகத்திலிருந்து கடிதம் போனதும் பதில் வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். நீங்கள் அவருக்கு வாக்களித்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. கிழக்கு மிட்லண்ட்ஸ் முழுக்கச் சேர்த்து ஐந்து ஐரோப்பிய உறுப்பினர்கள் இருந்தார்களே, அவர்களில் ஒருவர் பெயரை உங்கள் நண்பரால் சொல்ல முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் என்ன செய்யலாம். லெஸ்டரில் கிழக்கு, தெற்கு, மேற்கு என மூன்று தொகுதி இருக்கிறது, நீங்கள் எதில் என்று சொல்லவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொண்டு 2024இல் முதல் மூன்று பேர் வாங்கியதைப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் மனசுக்குப் பிடித்த கட்சிக்குத் தாராளமாகப் போடுங்கள். அந்த வாக்கு அடுத்த தேர்தலில் அந்தக் கட்சி அங்கே ஆளை இறக்கலாமா என்று முடிவெடுக்க உதவும். வித்தியாசம் ஓரிரு ஆயிரத்துக்குள் என்றால், உங்களுக்கு யார் வரவே கூடாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கதவிடுக்கில் போடும் துண்டறிக்கையில் "இங்கே எங்களால் மட்டுமே ஜெயிக்க முடியும்" என்று பட்டை வரைபடம் போட்டிருப்பார்கள். எல்லாக் கட்சியும் இதைச் செய்கிறது. அந்த எண்கள் எந்தத் தேர்தலுடையவை, எந்த எல்லைக்குரியவை என்று கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். உள்ளாட்சித் தேர்தல் எண்ணை எடுத்துப் பொதுத் தேர்தலுக்குப் போடுவது சர்வசாதாரணம். வீடு மாறினால் உடனே புதிய முகவரியில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், கடைசித் தேதி வாக்குப்பதிவுக்குப் பன்னிரண்டு வேலை நாள் முன்னால் முடிந்துவிடும். புகைப்பட அடையாளத்துக்கு உங்கள் இந்திய பாஸ்போர்ட் செல்லும், அதைத் தெரியாமல் வீட்டில் வைத்துவிட்டு வந்து திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கட்சி என்று மட்டும் கேட்காதீர்கள். சாவடியில் உட்காருகிற எனக்கு அதைப் பொதுவெளியில் சொல்வது சரியாகப் படவில்லை. தொகுதி எது என்று கீழே எழுதினால், 2024 முடிவையும் அதற்கு முந்தைய முடிவையும் எப்படி ஒப்பிட்டுப் படிப்பது என்று விளக்குகிறேன். அப்போது எல்லைகள் மாற்றப்பட்டதால் பழைய எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.